இருபத்தாறாம் தேதி, இருபத்துமூன்று தலை

வேன் வாடகை ஆறாயிரத்து ஐந்நூறு, டிரைவர் படி தனி.
புளியோதரைக்கு நல்லெண்ணெய் இரண்டு லிட்டர்.
அவித்த முட்டை அறுபது.
பெங்களூர்ப் பிள்ளைகளுக்கு ரொட்டி, ஜாம்.
எழுதுவது நான்.
கல்யாணம் ஆகாதவளிடம்தான்
நோட்டும் சில்லறையும் பத்திரமாய் இருக்குமென்று
எப்போதோ யாரோ முடிவு செய்துவிட்டார்கள்.

தேவகோட்டையிலிருந்து தொண்டிக்கு
கிறிஸ்துமஸுக்கு மறுநாள் போவது வழக்கம்.
நடுச்சாமப் பூசைக்கு முழித்த கண் இன்னும் எரியும்.
சீயம் தீர்ந்து கந்தரப்பம் மிஞ்சியிருக்கும்.
எதிர்வீட்டு ஆச்சி
நாங்கள் அனுப்பிய தட்டை வெறுந்தட்டாய்த் தர மனமில்லாமல்
மாவுருண்டை அடுக்கித் தந்திருப்பார்.
அதுவும் வேனில் ஏறும்.

வேனில் பதினெட்டு, அடைக்கலம் மச்சான் காரில் ஐந்து.
பெரியண்ணன் இன்னாசி வேன் என்றால்
சின்னண்ணன் சந்தியாகு கார்.
நாலு வருடமாய் இதுதான் ஏற்பாடு.
நடுவீட்டில் சுவர் எழும்பிய வருடம்
அண்டா, குண்டான், ஊஞ்சல் சங்கிலி எல்லாம் பிரிந்தன.
கடைசியில் குடில் பொம்மைகள்.
சூசையும் மாதாவும் கழுதையும் அந்தப் பக்கம்.
மூன்று ராசாக்கள், இரண்டு ஆடு,
கால் உடைந்த ஒட்டகம் இந்தப் பக்கம்.
பாலன் யாருக்கு என்று பேச்சு முற்றியபோது
அக்கா மரியபுஷ்பம் அதைத் துண்டில் சுற்றி
என் கையில் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போனாள்.
ஒரு வருடம் அங்கே வைக்கிறேன், ஒரு வருடம் இங்கே.
அதையும் நோட்டில் குறித்திருக்கிறேன்.

ஓரியூரில் இறங்கிச் செம்மண் பூசிக்கொண்டோம்.
தொண்டியில் கடல் அசையாமல் கிடந்தது.
"அலை எங்கே?" என்றான் பெங்களூர் ஜெஃப்ரின்,
காசு கொடுத்து ஏமாந்தவன் மாதிரி.
இங்கே கடல் இப்படித்தான்,
முழங்கால் தண்ணீரில் அரை மைல் நடக்கலாம்.
நடந்தோம். பாசி வழுக்கி பெரியண்ணி உட்கார்ந்தாள்.
தூக்கப் போன சின்னண்ணியும் உட்கார்ந்தாள்.
அவர்கள் இருவரும் பேசிக்கொள்வார்கள்,
புருஷர்கள் பார்க்காத தூரத்தில்.

இருட்டும் நேரம் தலை எண்ணினேன்.
வேனில் பதினாறு.
பிள்ளைகள் காரில் மடிமேல் ஏறியிருப்பார்கள் என்று
"போகலாம் தம்பி" என்றேன்.

திருவாடானை டீக்கடையில் கார் நின்றிருந்தது.
உள்ளே ஐந்தே பேர்.
பதினாறும் ஐந்தும் இருபத்தொன்று.
விரல் விட்டுத் திரும்பவும் எண்ணினேன்.
பெரியண்ணி சொன்னாள்:
"சின்னவர் வேனில் ஏறக் கண்டேன்.
சரி, இவர் காரில் போயிருப்பார்னு விட்டுட்டேன்."
சின்னண்ணியும் அதையேதான் சொன்னாள்,
ஆளை மட்டும் மாற்றி.
டீயை யாரும் முழுசாய்க் குடிக்கவில்லை.
சிரித்தது யார் முதலில் என்று தெரியவில்லை,
ஆனால் நானும் சிரித்தேன்.

வேனைத் திருப்பிக்கொண்டு போனோம்.
கரையேற்றிப் போட்டிருந்த ஒரு வள்ளத்தருகே
இரண்டு பேரும் நின்றார்கள்.
அண்ணன் போனில் சார்ஜ் இல்லை.
தம்பி போன் வேன் சீட்டில் கிடந்தது,
பவர் பேங்க் மட்டும் சட்டைப் பையில்.
வள்ளத்தின் விளிம்பில் போன், அதோடு ஒரு முழ வயர்,
வயரின் மறுமுனை சின்னண்ணன் கையில்.
அந்த நீளத்துக்குத்தான் தள்ளி நிற்க முடிந்திருக்கிறது.
முப்பத்தெட்டு சதவீதம் ஏறியிருந்தது.
யாருக்கும் அடித்திருக்கவில்லை.
"ஏன் கூப்பிடலை?" என்றேன்.
"வருவீங்கன்னு தெரியும்" என்றார் ஒருவர்.
மற்றவர் மறுக்கவில்லை.

பின் சீட்டில் அண்டாவுக்கு இந்தப் பக்கம் ஒருவர்,
அந்தப் பக்கம் ஒருவர்.
பேச்சில்லை. சாலைக் குழிகளில் அண்டா மட்டும் சத்தம் போட்டது.

தேவகோட்டை வரும் முன்பே
கணக்கை முடித்துவிடுவது என் பழக்கம்.
கரையில் இரண்டு டீ குடித்தார்களாம், முப்பது ரூபாய்.
"எழுதிக்கோ" என்றார் பெரியண்ணன்.
"யார் கொடுத்ததுண்ணே? யார் பேரில் எழுத?"
சின்னண்ணன் ஜன்னல் வழியே
இருட்டில் எதையோ உற்றுப் பார்த்தார்.
கொஞ்ச நேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.
பிறகு,
சில்லறை என்று எழுதினேன்.